எப்படிக் கெடும் என்று தெரிந்த வண்டி

மழை விட்ட மறுநாள்
செம்பனைக் காட்டு மண்பாதை
எண்ணெய் கொட்டிய சிமெண்டுத் தரை.
ஒரு டன் குலை பின்னால் குந்தியிருக்க
நாலு சக்கரத்தையும் கூப்பிடும் அந்தக் குட்டைக் கம்பியை
உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தான்
என் ஹைலக்ஸ் எழுந்திருக்கும்.
இழுத்தால் வராது. தட்ட வேண்டும்.
இது கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இல்லை.

என் 555 நோட்டில் இருப்பது வேறு:
கிளட்ச் பிளேட், 420 வெள்ளி.
ரேடியேட்டர் ஒட்டு, 60.
ரேடியேட்டர் மறுபடி ஒட்டு, 60.
சனியன் பிடித்த ரேடியேட்டர், புதுசு, 350.
முன் ஆக்சில் சீல், கீ ஹுவாட் காசு வாங்கவில்லை,
தீபாவளி முறுக்கு கேட்டான்.

தம்பி குணாளன் கூட்டிப் பார்த்தான்.
பதினோரு வருஷத்துக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
"முன்பணமே கட்டியிருக்கலாம், அக்கா.
ரோட்டில் நின்ற நாளை
நீ எழுதவே இல்லையே?"

நியாயம்தான்.
போன நவம்பரில் ஆற்றோரம் படுத்துக்கொண்டது.
வெட்டிய குலை மூன்று நாள் கிடந்து
உதிர்ந்து எறும்புக்குப் போனது.
மில்லில் வாங்க மாட்டேன் என்றார்கள்.
அதற்கு நோட்டில் வரி இல்லை.

சனிக்கிழமை லாபிஸிலிருந்து சிகாமட் போனோம்.
கடைக்குள் குளிர். வண்டி வெள்ளை.
நூருல் ஹுதா கதவைத் திறந்து பிடித்தாள்.
சிலுவாரில் குலைச் சாற்றுக் கறை,
நான் உட்காரவில்லை.
சேற்றுக்கு ஒரு திருகு, மணலுக்கு ஒரு திருகு,
இறக்கத்தில் தானே பிரேக் பிடிக்குமாம்.
"கலாவ் ரோசாக்?" என்று கேட்டேன்.
ஐந்து வருஷம் உத்தரவாதம்,
கணினி வைத்துப் பார்ப்போம் என்றாள்.
கணினி எங்கே?
இங்கே.
வண்டி அங்கே கிடக்கும்,
ஆறாம் கட்டைக்கு உள்ளே
போன் எடுக்காத பள்ளத்தில்.

என்னுடையது எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும்.
மூன்றாம் கியரில் முனகினால் இன்னும் ஒரு வாரம் ஓடும்.
வெல்லம் காய்ச்சும் வாசம் வந்தால் அங்கேயே நிறுத்து.
டீசல் முள் எப்போதும் பாதியில்;
டேங்கைத் தட்டி
சத்தத்தில் அளந்துகொள்வேன்.
இதை நம்பிக்கை என்று சொன்னால்
நூருல் ஹுதா சிரிப்பாள்.
நானும் கொஞ்சம் சிரிப்பேன்.

திங்கட்கிழமை
கீ ஹுவாட் அடியில் படுத்து
சேஸியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தான்.
டிங். டிங். டிங். டப்.
டப் என்ற இடத்தில் திருப்புளி
கரையான் தின்ற பலகையில் போவதுபோல்
உள்ளே போனது.
தகடு வைத்து ஒட்டலாம்,
ஒரு வருஷம், இரண்டும் போகலாம்,
சத்தியம் பண்ண மாட்டேன் என்றான்.
இஞ்சினுக்கு ஒன்றுமில்லை,
இன்னும் இருபது வருஷம் ஓடும் என்றான்.
எதன் மேல் உட்கார்ந்து?

இரவு கடன் தாளை மேசையில் விரித்தேன்.
மாதம் ஆயிரத்து முந்நூற்று எண்பது. ஒன்பது வருஷம்.
கடைசித் தவணையன்று எனக்கு அறுபத்தொன்று,
அதற்கு ஒன்பது.
அன்றைக்குத்தான் என் பேருக்கு வரும்,
முதல் முனகலோடு.

இந்த ஹைலக்ஸை நான் வாங்கிய அன்று
இதற்கும் ஒன்பதுதான்.
அதன் இளமையெல்லாம்
யாரோ பேங்குக்குக் கட்டித் தீர்த்தது.

குணாளன் பேனாவை என் பக்கம் நகர்த்தினான்.
சிங்குக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது.
காலை ஆறுக்கெல்லாம் வெட்ட வந்துவிடுவார் ஷஃபிகுல்;
குலை காத்திருக்காது.

நோட்டில் எழுதினேன்:
சேஸி தகடு, வெல்டிங், 380.
அதற்குக் கீழே
சிகாமட் என்று மட்டும் எழுதி
தொகைக்கு இடம் விட்டிருக்கிறேன்.